ஐரோப்பாவும் டென்மார்க் வாக்காளரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்களின் அரசியல் மனநிலை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதை அறியக் கருத்துக்கணிப்புகளைத்தான் பெரும்பாலும் நாடுகிறோம். டென்மார்க்கில் அதைவிட உறுதியான சான்று உண்டு. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நாட்டின் அதிகாரத்தைப் பன்னாட்டு அமைப்பொன்றிடம் ஒப்படைக்கும் மசோதா, நாடாளுமன்றத்தின் 179 உறுப்பினர்களில் ஆறில் ஐந்து பங்கினரின், அதாவது 150 பேரின், ஆதரவைப் பெறாவிட்டால் பொது வாக்கெடுப்புக்குச் சென்றாக வேண்டும். ஆகவே ஐரோப்பாவோடு எவ்வளவு தூரம் இணைவது என்பதற்கு மக்கள் வாக்குச்சீட்டிலேயே விடை எழுதி வருகிறார்கள்.

1972இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர 63 விழுக்காட்டினர் இசைந்தனர். பிரிட்டனும் சேரவிருந்த நேரம் அது. பன்றி இறைச்சியையும் வெண்ணெயையும் அங்கே விற்றுவந்த விவசாயிகள் அந்தச் சந்தையை இழக்க விரும்பவில்லை. ஆனால் அச்சமூகத்தை ஐரோப்பிய ஒன்றியமாக வளர்த்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பொது நாணயத்தையும் ஒன்றியக் குடியுரிமையையும் முன்வைத்தபோது, 1992 ஜூன் 2 அன்று 50.7 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். நாடாளுமன்றத்தில் 130 பேர் ஆதரித்து, 25 பேர் மட்டுமே எதிர்த்த ஒப்பந்தம் அது!

ஓராண்டு முடிவதற்குள், 1993 மே 18 அன்று, அதே ஒப்பந்தத்தை 56.7 விழுக்காட்டினர் ஏற்றனர். இதை மனமாற்றம் என்று சொல்ல நான் தயங்குகிறேன். பாதுகாப்பு, நீதித்துறை, பொது நாணயம், ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு ஐரோப்பியத் தலைவர்களின் எடின்பரோ மாநாட்டில் விதிவிலக்கு கிடைத்திருந்தது. முன்பு எதிர்த்த சோசலிச மக்கள் கட்சியும் ஆதரவுக்கு வந்திருந்தது. இடையில் ஆட்சியும் மாறியிருந்தது. இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேர்வதைச் சட்டத்துக்குப் புறம்பாக முடக்கி வைத்த விவகாரத்தில் (டென்மார்க்கில் அதற்குத் ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர்) பிரதமர் பவுல் ஸ்லூட்டர் 1993 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்து வந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் பவுல் நியூரப் ராஸ்முசன். முதல் வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களில் கணிசமானோர் அவருடைய கட்சிக்காரர்களே. இம்முறை சம்மதம் கேட்டது அவர்களுடைய பிரதமர்.

யூரோ நாணயத்தைப் பெரிய கட்சிகள் பரிந்துரைத்தும் 2000இல் 53.2 விழுக்காட்டினர் மறுத்தனர். நீதித்துறை விதிவிலக்கைத் தளர்த்தும் யோசனையும் 2015இல் தோற்றது. பிறகு 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஜூன் 1 அன்று 66.9 விழுக்காட்டினர் பாதுகாப்பு விதிவிலக்கைக் கைவிட வாக்களித்தனர். முப்பது ஆண்டு விவாதத்தால் நகராத நிலைப்பாட்டைச் சில மாதப் போர் நகர்த்திவிட்டது.

இதைக் கொண்டு டென்மார்க் முழுமையாக ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினால் அது அவசரமாகும். நீதித்துறை விதிவிலக்கு நீடிக்கிறது, டென்மார்க்கின் சொந்த நாணயமான குரோனரும் நீடிக்கிறது. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 7.46 குரோனர் என்று மதிப்பைப் பிணைத்து வைத்திருப்பதால், சொந்த நாணயம் தரும் பொருளாதாரச் சுதந்திரம் அங்கே மிகக் குறைவு. இருந்தும் அதை விட்டுக்கொடுக்க அம்மக்கள் இதுவரை இசையவில்லை.