1, 2, 3 கேட்டால் 01, 11, 21 தருகிறது!

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்று இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், ராத்திரி 2 மணி வரை ஒரு லூப்போடு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் துண்டோடு, மல்லுக்கட்டினேன். வேலை என்னவோ சின்னதுதான். ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேயில், அதாவது பட்டியலில், உள்ள பெயர்களை வரிசை எண்ணோடு திரையில் காட்ட வேண்டும், அவ்வளவே. 1, 2, 3 வர வேண்டிய இடத்தில் 01, 11, 21 வந்து நிற்கிறது!

முதல் வரியில் 01-ஐப் பார்த்ததும், முன்னால் பூஜ்யம் போடும் அலங்காரம் ஏதோ இருக்கிறது என்று நம்பி அரை மணி நேரம் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸை நோண்டினேன். 11-ஐப் பார்த்தபோதாவது புரிந்திருக்க வேண்டாமா?

குற்றவாளி ஃபார்-இன் என்ற லூப் வகை. அது தரும் இன்டெக்ஸ், அதாவது 0-இலிருந்து தொடங்கும் இட எண், நிஜ எண்ணாக வருவதில்லை, ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக வருகிறது. 0 என்ற எழுத்தோடு 1-ஐக் கூட்டினால் கூட்டல் நடக்காது, ஒட்டிக்கொண்டு 01 ஆகும். அந்த நிரலை நான் எழுதியதே இல்லை... சரி, பொய் எதற்கு, நான்தான் எழுதினேன், இரண்டு வருடத்துக்கு முன்னால்.

அதற்குப் பதில் ஃபார்-ஆஃப் லூப் போட்டு, அர்ரேயின் என்ட்ரீஸ் என்ற மெத்தடை அழைத்தேன். இன்டெக்ஸ் நிஜமான எண்ணாக வந்தது, கூடவே எலிமென்டும், அதாவது அந்த இடத்தில் இருக்கும் பெயரும். ஃபார்-ஈச் என்ற இன்னொரு வழியும் இரண்டையும் தரும். ஆனால் அதில் பாதியில் பிரேக் போட்டு நிறுத்த முடியாது, அதனால் எனக்கு ஆகாது, தெரியுமே உங்களுக்கு. இன்னொரு எரிச்சல்: ஃபார்-ஈச்சில் எலிமென்ட் முதலில், இன்டெக்ஸ் பிறகு. என்ட்ரீஸில் அப்படியே தலைகீழ். ஒரே மொழிக்குள்ளேயே இந்தக் கூத்து!

பைத்தான் மொழியில் இதே வேலைக்கு இருக்கும் எனுமரேட் எவ்வளவு நிம்மதி. 2003-இல் 2.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. அதில் ஸ்டார்ட் என்ற தொடக்க மதிப்புக்கு 1 கொடுத்தால் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கும், நாம் எதையும் கூட்ட வேண்டியதில்லை. போன வீடியோவில் இதைச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன்: ஸ்டார்ட் என்பது எண்ணை மட்டும்தான் மாற்றும், முதல் எலிமென்டைத் தாண்டிப் போகாது. அந்த எண்ணையே இன்டெக்ஸாக வைத்து லிஸ்ட்டுக்குள் கை விட்டால் அடுத்த ஆள்தான் வருவார், கடைசிச் சுற்றில் அப்படி ஒரு இடமே இல்லை என்று இன்டெக்ஸ்எரர் பிழை வரும். கமென்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறீர்கள். நியாயம்தான்.

இப்போது அந்தப் பழைய புராஜெக்ட் முழுக்க ஃபார்-இன் எங்கெங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன். இன்னும் ஏழு இடம். ஏழும் என் கைவண்ணம்.