உலகம் கெட்டுப்போன கதைகளைப் பிள்ளைகள் படிக்கலாமா?

அடுத்த கேள்வி சென்னிமலையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். "எட்டாவது படிக்கிற எங்கள் பாப்பா, உலகம் கெட்டுப்போன கதைகளாகவே தேடிப் படிக்கிறாள். 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகம் முடித்துவிட்டாள். பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்கிறார்கள். மனசு கெட்டுப்போகாதா? பிடுங்கி வைத்துவிடட்டுமா?"

பிடுங்க வேண்டாங்க அக்கா. முதல் அத்தியாயத்தை மட்டுமாவது நீங்களும் படியுங்கள்.

சூசன் காலின்ஸ் 2008-இல் எழுதிய கதை. ஒரு தலைநகரம், அதற்கு அடங்கிய 12 மாவட்டங்கள். வருஷா வருஷம் 12 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளில் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று சீட்டுக் குலுக்கி எடுத்து, சாகும்வரை சண்டை போட வைத்து டிவியில் காட்டுகிறார்கள். நீங்கள் பயப்படுவது அந்தச் சண்டைக்கு. நான் பெரிதாக நினைப்பது அந்தச் சீட்டை.

12 வயதில் ஒரு சீட்டு, அடுத்த வருஷம் இரண்டு என்று எல்லாருக்கும் ஏறும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழி இல்லையா? பேரைக் கூடுதலாக ஒரு தடவை எழுதிப் போட்டால், ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். அம்மாவுக்கு, தங்கைக்கு, தனக்கு என்று வருஷா வருஷம் வாங்கியதில், 16 வயதுக் கதாநாயகி கேட்னிஸின் பேர் 20 சீட்டில் இருக்கிறது. அவள் வயதே ஆன மேயர் மகளுக்கு ஐந்துதான். குலுக்கல் எல்லாருக்கும் பொது என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்!

இதைப் புரிந்துகொண்ட பிள்ளை நம் பக்கத்தையும் அதே கண்ணோடு பார்க்கும். மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பேரில் கோவை, திருப்பூர், ஈரோடு மில்களுக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்களே, அங்கேயும் பெரும்பாலும் வீட்டுக் கஷ்டம்தானே சம்மதிக்க வைத்தது? பாப்பாவிடம் இதைப் பேசுங்கள். எட்டாம் வகுப்புக்கு இது தாங்கும்.

அடுத்து என்ன கொடுக்கலாம் என்றால், லோயிஸ் லவ்ரியின் 'தி கிவர்', 1993-இல் வந்தது. சண்டை கிடையாது. வலி இல்லாத, நிறம் கூடத் தெரியாத ஓர் ஊர். பழைய நினைவுகள் எல்லாம் ஒரே ஒரு பெரியவரிடம் இருக்கின்றன; அவற்றை 12 வயதுப் பையன் ஜோனஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் முடிந்ததும் பாப்பாவை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டின அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யல் முன்னால் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் இப்போது இருப்பதையே ஆறு என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஹங்கர் கேம்ஸ்' மூன்றாம் பாகம் முழுக்கப் போர், ரொம்பக் கனம். அதை ஒன்பதாவது, பத்தாவது போனதும் படிக்கட்டும். அப்புறம், படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள் என்றால் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, உங்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் அடுத்த புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.