43 கடிதம், 3 பாரம், ஒரு தைச்ச புத்தகம் | மிஸ்ஸுக்கு நன்றி சொல்லப் போறவங்க இதைப் பாத்துட்டுப் போங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு மேஜை மேல பசை டப்பா இல்ல, கத்தி இல்ல. ஒரே ஒரு புத்தகம்தான். பாருங்க, நடுப்பக்கத்தைத் திறக்கறேன், கையை எடுத்துடறேன். அப்படியே படுத்திருக்கு பாத்தீங்களா? தானா மூடிக்கல. இன்னொரு தடவை. 7-ம் பக்கம். இதுவும் படுத்திருக்கு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இன்னிக்கு வீடியோவே.

ஏன்னா இந்த வாரம் ஒரு சப்ஸ்கிரைபர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. கணக்கு மிஸ் ஓய்வு பெறறாங்கன்னு, ஒரு வகுப்பே சேர்ந்து கையால கடிதம் எழுதி, புத்தகமா பைண்ட் பண்ணிக் கொடுத்திருக்காங்க. எவ்வளவு அருமையான நினைப்பு! ஆனா ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து பைண்டிங்குக்குள்ள போயிடுச்சு. ‘எனக்கு’ன்னு ஆரம்பிக்கிற வரி ‘னக்கு’ன்னு நிக்குது. மிஸ் அதைப் படிக்கணும்னா ரெண்டு கட்டைவிரலாலயும் அமுக்கிப் பிடிக்கணும். அமுக்கினா முதுகுல, அதாவது தாளெல்லாம் ஒண்ணு சேர்ற ஓரத்துல, இருக்கற பசை வெடிக்கும், வெடிச்சா தாள் ஒண்ணொண்ணா கழண்டு வரும். எனக்கு அப்படியே மனசு கொதிச்சுப் போச்சு. பிள்ளைங்க மேல இல்ல, தைக்காம முதுகுல பசை மட்டும் போட்டு ஒட்டற இந்த பர்ஃபெக்ட் பைண்டிங் மேல. அந்தப் பேரே எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் 5 வருது. பெங்களூர்ல பாதிப் பள்ளிக்கூடத்துல சால்வை, கண்ணாடி ஷீல்டுன்னு ஆர்டர் போயாச்சு. நம்ம ஊர் பக்கத்துலயே நடந்த விஷயம் ஒண்ணு. 1921-ல ராதாகிருஷ்ணன் மைசூர்ல வேலையை விட்டுக் கல்கத்தாவுக்குப் போறப்ப, மாணவர்கள் பூ அலங்காரம் பண்ணின வண்டியில அவரை உக்கார வச்சு, தாங்களே ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க. 1962-ல அவர் குடியரசுத் தலைவர் ஆனப்புறம்தான் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினம் ஆச்சு. அந்தப் பசங்க கடையில எதையும் வாங்கிக் கொடுத்து முடிச்சுக்கல, தோள் கொடுத்தாங்க. கையால எழுதின கடிதமும் அந்த வகைதான். அதனால அதை ஒழுங்கா செய்வோம்.

முதல்ல கடிதம். ‘ஏணி’, ‘தோணி’, ‘மெழுகுவர்த்தி’ இந்த மூணு வார்த்தையும் எழுதக்கூடாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. வகுப்புல 43 பேர்னு வச்சுக்குவோம், 43 பேரும் ஏணின்னு எழுதினா மிஸ் மூணாவது கடிதத்தோட மூடி வச்சிடுவாங்க. அப்துல் கலாம் தன் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயரைப் பத்தி எத்தனையோ மேடையில சொல்லியிருக்காரு. பறவை எப்படிப் பறக்குதுன்னு போர்டுல வரைஞ்சு காட்டிட்டு, வகுப்பையே ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பறவைங்களைக் காட்டினார்னு. அவ்வளவுதான். ஒரு நாள், ஒரு பாடம், ஒரு கடற்கரை. அது போதும், அந்த வாத்தியாரை நமக்கே தெரியற மாதிரி ஆயிடுது. அதனால பிள்ளைங்ககிட்ட மூணு கேள்வி கொடுங்க. மிஸ் எடுத்ததுல எந்த வகுப்பு இன்னும் ஞாபகம் இருக்கு? அன்னிக்கு அவங்க சொன்ன வார்த்தை என்ன? அதுக்கப்புறம் நீ எதை வேற மாதிரி செய்யற? இதுக்கு பதில் எழுதினாலே ஒரு பக்கம் வந்துடும்.

மொழி எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நம்ம ஊர்ல தமிழ் பேசற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்குக் கன்னடத்துலதான் எழுத வரும். கன்னடத்துலயே எழுதட்டும். திக்கித் திணறி எழுதின நாலு வரியை விட, சரளமா எழுதின பக்கம்தான் மிஸ்ஸுக்கு வேணும்.

சரி, இப்போ மார்ஜின். இதை நிதானமா சொல்லப் போறேன், தள்ளி விட்டுப் பாக்காதீங்க.

கடிதம் ஏ4 தாள்ல, ஒரு பக்கம் மட்டும். இடது பக்கம் 30 மில்லிமீட்டர் விடணும். வலது பக்கமும் 30 மில்லிமீட்டர் விடணும். எல்லாரும் இடது பக்கம் மட்டும் விடறாங்க, அங்கதான் தப்பு. புத்தகத்துல ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம் வரும், அதுக்கு முதுகு இடது ஓரத்துல. இரட்டைப்படைப் பக்கம் இடது கைப்பக்கம் வரும், அதுக்கு முதுகு வலது ஓரத்துல. யார் கடிதம் எந்தப் பக்கத்துக்குப் போகும்னு எழுதும்போது தெரியாது. இடது மட்டும் விட்டா, பாதிக் கடிதத்துல வரியோட கடைசி எழுத்து போயிடும். ரெண்டு பக்கமும் 30. மேலயும் கீழயும் 25. வரிக்கு வரி 10 மில்லிமீட்டர் இடைவெளி. இந்தக் கணக்குக்கு ஒரு பக்கத்துல 24 வரி வரும். கறுப்பா கோடு போட்ட ஒரு தாளை அடியில வச்சு எழுதச் சொல்லுங்க. அதுக்காகத்தான் எழுதற தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு), அடியில இருக்கற கோடு தெரியும். 100-ல வச்சா அவ்வளவா தெரியாது. 100 நமக்கு அப்புறம், பிரிண்ட்டுக்கு.

10 மில்லிமீட்டர் ஏன் அவ்வளவு பெருசுன்னு கேப்பீங்க. எழுதின கடிதத்தை ஸ்கேன் பண்ணி, நாம புத்தகத்தை ஏ5 அளவுல பிரிண்ட் போட்டுச் செய்யறோம். ஏ4-ஐ ஏ5-க்குக் குறைச்சா 71 சதவீதம் ஆகும். 10 மில்லி வரி 7 மில்லி ஆயிடும், 30 மில்லி மார்ஜின் 21 ஆயிடும். நெருக்கி எழுதினா ஓய்வு பெறற வயசுல இருக்கறவங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் கஷ்டம்.

பேனா பால்பாயிண்ட், நீலம் இல்லன்னா கறுப்பு. மினுமினுன்னு இருக்கற ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். கை பட்டாலே இழுத்துக்கும், ஸ்கேன்ல வெளிச்சம் அடிச்சு எழுத்து தெரியாது. பென்சிலும் வேண்டாம், ஸ்கேன்ல மங்கலா வரும். ஸ்கேன் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர்ல. போன்ல எடுத்து அனுப்பறவங்க வாட்ஸ்ஆப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், பிரிண்ட்ல எழுத்தோட விளிம்பெல்லாம் கலங்கிடும். ஒரிஜினல் கடிதங்களைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு உறையில போட்டுப் புத்தகத்தோடவே கொடுங்க.

இப்போ பாரம். 16 பக்கம் ஒரு பாரம். ஏ4 தாள் நாலு எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணா நடுவுல மடிச்சா 16 பக்கம். 43 கடிதம், தலைப்புப் பக்கம் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி காலிப் பக்கம் ஒண்ணு, வகுப்பு போட்டோ ஒண்ணு, பேர்ப் பட்டியல் ரெண்டு. மொத்தம் 48. மூணு பாரம், கச்சிதம்! 44 பேர் இருந்தா 49 ஆயிடும். அப்போ கடைசிப் பாரத்தை மட்டும் அஞ்சு தாள்ல 20 பக்கமா பண்ணிட்டு, மிச்சம் மூணு பக்கத்தை வெறுமையா விடுங்க. ஒரு தாளைத் தனியா மடிச்சுத் தைக்காதீங்க, நூல் அதை அறுத்துடும். 48 பக்கத்தையும் ஒரே பாரமா 12 தாள் மடிக்கறதும் வேண்டாம். உள் தாள் வெளிய துருத்திக்கிட்டு வரும், ஓரம் வெட்டும்போது அந்தப் பக்கங்களோட மார்ஜின்தான் போகும்.

பிரிண்ட் தாள் 100 ஜிஎஸ்எம். இங்க நிறைய பேர் கோட்டை விடற இடம் இழை ஓட்டம், அதாவது தாளுக்குள்ள இருக்கற நார் எந்தப் பக்கமா ஓடுதுங்கறது. கடையில கிடைக்கற ஏ4-ல பெரும்பாலும் இழை நீளவாக்குல ஓடும். அதை நடுவுல மடிச்சா இழைக்குக் குறுக்க மடிப்பு விழும். பசை ஈரம் பட்டதும் முதுகுப்பக்கம் நெளிநெளியா ஆயிடும், பக்கம் திறந்து படுக்காது. வழி என்னன்னா, நீளவாக்குல இழை ஓடற ஏ3 தாளை வாங்கி, நடுவுல ரெண்டா வெட்டுங்க. கிடைக்கற ஏ4-ல இழை குறுக்கால ஓடும், மடிப்புக்கு இணையா வந்துடும். ஏ3 வாங்கும்போதே தாளை மடிக்காம லேசா வளைச்சுப் பாருங்க, இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை. எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாம வளையுதோ, அந்த வளைவுக்கு இணையாத்தான் இழை ஓடுது. 48 பக்கத்துக்கு 6 ஏ3 போதும், 8 வாங்குங்க. பச்சை மெட்ரோவுல சிக்பேட்டையில இறங்கி சுல்தான்பேட்டைப் பக்கம் நடந்தா தாள், அட்டை மேல ஒட்டற காலிகோ துணி, அட்டை எல்லாம் கிடைக்கும்.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். பிரிண்ட் கொடுக்கும்போது புக்லெட்னு (மடிச்சா பக்க வரிசை சரியா வர்ற மாதிரி) கொடுக்கணும், ஆனா 1-16, 17-32, 33-48னு மூணு தடவை தனித்தனியா. ரெண்டு பக்க பிரிண்ட்ல ‘ஷார்ட் எட்ஜ்’ தேர்ந்தெடுக்கணும். ‘லாங் எட்ஜ்’ விட்டா பின்பக்கமெல்லாம் தலைகீழா வரும். முதல் பாரம் மட்டும் எடுத்து மடிச்சுப் பக்க எண் சரி பாத்துட்டு மிச்சத்தைச் சொல்லுங்க.

இப்போ விலை. ஒரு பைண்டர்கிட்ட கேட்டேன். பர்ஃபெக்ட் பைண்டிங் 250 ரூபாய். பாரம் தைச்சு காலிகோ அட்டை போட்டா 600. எல்லாரும் 250-ல நின்னுடறாங்க. வித்தியாசம் 350 ரூபாய். அதை 43-ஆல வகுங்க. 8 ரூபாய் 14 காசு! ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய் 14 காசு. தர்ஷினியில (நம்ம ஊர்ல நின்னுக்கிட்டே சாப்பிடற சின்ன ஹோட்டல்) ஒரு டீ கூட அந்த விலைக்கு வராது. அந்த 8 ரூபாய்ல மிஸ் புத்தகத்தை மடியில விரிச்சு வச்சுட்டு, ஒரு கையில காபி டம்ளரோட படிக்கலாம். இந்தக் கணக்கை நான் ரெண்டு நாளா பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு இருக்கேன். சும்மா ‘ஹார்டு பைண்டிங்’னு மட்டும் கேக்காதீங்க, அட்டை கெட்டியா இருக்கும், உள்ள பசைதான் இருக்கும். ‘பாரம் தையல்’னு கேளுங்க, தைச்சதும் அட்டை ஒட்டறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்க.

நீங்களே தைக்கறதா இருந்தா, மடிப்புல ஆறு துளை. மேலயும் கீழயும் ஓரத்திலிருந்து 15 மில்லி, நடுவுல 36 மில்லிக்கு ஒண்ணு. குத்தூசியால மூணு பாரத்துக்கும் ஒரே அளவுத்தாளை வச்சுக் குத்துங்க. மெழுகு தடவின லினன் நூல். நைலான் வேண்டாம், வழுக்கும், தாளையும் அறுக்கும். நூலை மேல தூக்கி இழுக்காதீங்க, முதுகு ஓட்டத்துலயே இழுங்க, இல்லன்னா துளை கிழியும். தைச்சு முடிச்சு முதுகுல பசை, மேல மல் துணி. காய்ஞ்சதும் மூணு ஓரமும் 3 மில்லி வெட்டக் கொடுங்க. மிச்சம் 145-க்கு 204 வரும். அப்போ அட்டை 2 மில்லி கிரே போர்டு, அகலம் 142, உயரம் 210. முதுகுப் பட்டை 7 மில்லி, ரெண்டு பக்கமும் 7 மில்லி இடைவெளி. அந்த இடைவெளி குறைஞ்சா அட்டை திறக்கும்போது முதல் பக்கத்தைப் பிய்ச்சுக்கிட்டு வரும்.

மைதா பசை செய்யறது போன வீடியோவுல இருக்கு. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடறவங்க, சின்னப் பிள்ளைங்க கையில அந்தப் பசையைக் கொடுக்காதீங்க, அது விஷம்.

கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க, படிச்சு முடிச்சு 20 வருஷம் ஆச்சு, இப்போ போய் எழுதினா நல்லாருக்குமான்னு. உ.வே.சா. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட வரலாறை எழுதி 1933-லயும் 34-லயும் ரெண்டு பாகமா கொண்டு வந்தாரு. ஆசிரியர் காலமானது 1876. உங்க மிஸ் உயிரோட இருக்காங்க. எழுதுங்க.

தேதிக் கணக்கு: கடிதம் ஆகஸ்ட் 20-க்குள்ள கைக்கு வரணும். பிள்ளைங்ககிட்ட 16-னு சொல்லுங்க, அப்போதான் 20-க்கு வரும். 25-க்குள்ள பிரிண்ட். கௌரி கணேசா பண்டிகை ஆகஸ்ட் கடைசியில வர்ற வருஷம்னா பைண்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அந்த நாள்ல கடை திறக்காது. அட்டை ஒட்டினப்புறம் மெழுகுத்தாள் நடுவுல வச்சு, மேல கனமா ஏத்தி, முழுசா 24 மணி நேரம். நம்ம ஊர்ல இது மழைக்காலம், 12 மணி நேரம் பத்தாது. ஃபேனுக்கு அடியில மட்டும் வைக்காதீங்க, ஒரு பக்கம் சீக்கிரம் காய்ஞ்சு அட்டை படகு மாதிரி வளைஞ்சிடும்.

கொடுக்கும்போது மேடையில மைக் முன்னாடி கொடுத்து உடனே படிக்கச் சொல்லாதீங்க. ஸ்டாஃப் ரூம்ல, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சப்புறம், ரெண்டு பேர் போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க. வீட்டுல உக்காந்து படிக்கட்டும். உறையில இருக்கற ஒரிஜினல் கடிதங்களை மறக்காம கொடுங்க.