உப்புக் காற்றும் இன்சுலேஷன் டேப்பும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வீட்டு ரிப்பேரில் கைவைத்தியம்: கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா?" கைகொடுக்கிறது என்று பேசிய எதிரணி அண்ணன் மூன்று காரணம் சொன்னார். எலக்ட்ரீசியன் கூப்பிட்ட நேரத்துக்கு வருவதில்லை. வந்தால் ஐந்து நிமிட வேலைக்கு ஐந்நூறு ரூபாய். நம் தாத்தாக்கள் எல்லாம் தாமே செய்துகொண்டார்கள். அண்ணே, தாத்தா வீட்டில் எரிந்தது இரண்டு குண்டு பல்பு. இன்று அதே பழைய வயரில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன.

எல்லாக் கைவேலையும் தப்பு என்று நான் சொல்லவில்லை. குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுங்கள். கேஸ் டியூபில் கசிவா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி மட்டும் வேண்டாம். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மெயினை அணைத்துவிட்டு 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு அதே 2.5 போடுங்கள். வேகம் வேண்டுமென்று 4 போட்டால் ஃபேனுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடேறிக் கருகலாம். இதுவரைக்கும் எதிரணியோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை உப்போடுதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ராத்திரியில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். சுவிட்ச் போர்டுக்குள் பகலில் வெறும் தூளாகக் கிடப்பது, ராத்திரியில் கரண்ட் கடத்தும் ஈரப்படலமாகிவிடுகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை இந்த உப்பு என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். 2025-ல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அந்த உப்பைத்தான் பத்து ரூபாய் டேப் தடுக்கும் என்கிறது எதிரணி!

அறுந்த மோட்டார் வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்றார் அண்ணன். வெயிலில் டேப்பின் பசை இளகும், ஓரம் பிரியும், உப்பு ஈரம் உள்ளே போகும், செம்பு பச்சை பூக்கும். அந்த ஜாயிண்டில் அரை ஓம் தடை ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 எச்.பி. மோட்டார் 7 ஆம்பியர் இழுத்தால் அங்கே கிட்டத்தட்ட 25 வாட் வெப்பம். ரேடியோ கடைக்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை கீற்றுக் கூரைக்குள் சொருகி வைத்தது போலத்தான் அது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் இதில் விழவே விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. போர்டிலிருந்து மோட்டார் வரை ஜாயிண்ட் இல்லாத ஒரே வயர் இழுக்க வேண்டும். ஜாயிண்ட் போட்டே ஆகவேண்டுமென்றால் மூடிய பெட்டிக்குள் ஸ்க்ரூ கனெக்டரில் இறுக்க வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கவே கூடாது. உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும்.

இனி இருப்பதிலேயே கொடிய வைத்தியம். பிளக் பாயிண்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. உடனே நியூட்ரலுக்குப் பதில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைக் கொடுக்கிறார்கள். லைட் எரிகிறது, "சரியாகிவிட்டது" என்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 1000 வாட் அயர்ன்பாக்ஸின் தடை சுமார் 53 ஓம். நம் ஊரில் எர்த் குழாய் மண்மட்டத்தில் துருத் தின்று பாதி போயிருக்கும்; அதன் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ள, ஏறக்குறைய 112 வோல்ட் எர்த் கம்பியிலேயே நிற்கும். அந்தக் கம்பி எங்கெல்லாம் போகிறது? ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் உடம்பு, மோட்டார் பாடி. ஈரக் காலோடு ஃபிரிட்ஜைத் திறக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே.

"ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி அம்மா. கரண்ட் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் கருவி அது. ஆனால் மழைக்காலத்தில் உப்பு ஈரத்தால் அடிக்கடி விழுகிறது என்று அதையே பைபாஸ் செய்வதும் கைவைத்தியம்தானே? விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை முதலில் ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அதிலுள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். எல்லாம் இறக்கியும் நிற்கவில்லை என்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே உங்கள் வேலை முடிந்தது, எலக்ட்ரீசியன் வரட்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உப்பு அதன் உள்பாகத்தையும் இறுக்கிவிடும்.

கொடிக்கம்பியையும் சொல்லிவிடுகிறேன். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கும் கம்பியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பியைக் கட்டாதீர்கள். வலைக்கயிறு விற்கும் ஊரில் நைலான் கயிறுக்கா பஞ்சம்?

"ராத்திரி பதினொரு மணிக்கு பியூஸ் போனால் யாரைக் கூப்பிடுவது?" என்று அண்ணன் மடக்கினார். அவசரத்துக்கு வயர் இழை மூன்றை முறுக்கிப் போடலாம் என்றும் சொன்னார். வீட்டு வயரில் ஓர் இழை 0.3 மில்லிமீட்டர் தடிமன். மூன்று சேர்ந்தால் உருக ஏறக்குறைய 40 ஆம்பியர் வேண்டும். சுவருக்குள் இருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரோ 15 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். பியூஸ் உருகும் முன்னே வயரின் மேலுறை உருகிவிடும். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி அட்டை ஒன்றை வாங்கி, உப்புக் காற்றுப் படாமல் டப்பாவில் மூடி மெயின் பக்கத்தில் வையுங்கள். மெயினை அணைத்து, கை காய்ந்திருக்க, செருப்புப் போட்டுக்கொண்டு, அந்த லைனின் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒற்றை இழை கட்டுங்கள். அதுவும் உடனே போனால் லைனில் கோளாறு. பியூஸ் கட்டையைக் கழற்றியே வைத்துவிட்டு விடியும்வரை விசிறி மட்டையால் சமாளியுங்கள். நன்றி.