ரோமின் கடனாளிகள் மலையேறிய கதை

மதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்த நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, நீதிமன்ற வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் தம் உரையில் ஏதென்ஸின் சோலோனைத் தொட்டுக் காட்டினார். கி.மு. 594-இல், கடனுக்கு மனிதனையே ஈடு வைக்கும் வழக்கத்தை ஒழித்தவர் அவர். அந்த நல்ல தொடக்கத்துக்கு நன்றி சொல்லி, நான் ரோமுக்குப் போகிறேன்.

கடன், எழுத்து, நிலம், வாக்கு என்று நான்கு தலைப்புகள் எனக்குத் தரப்பட்டிருக்கின்றன. நான்கையும் ஒரு பழமொழியில் கட்டிவிடலாம்: எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

கி.மு. 509-இல் ரோமானியர் அரசனை விரட்டிக் குடியரசு அமைத்தார்கள் என்பது மரபு. அரசன் போனான், அவனுடைய அதிகாரம் பெட்ரிசியர் என்ற சில குடும்பங்களுக்குள் போய் அடைந்தது. ஆண்டுதோறும் இருவர் ஆட்சி நடத்தும் கன்சல் பதவி, பூசாரிப் பதவி, தீர்ப்புச் சொல்லும் உரிமை எல்லாம் அவர்கள் கையில். மற்றவர்கள் பிளெபியர்கள். அவர்களிலும் வசதியானவர்கள் உண்டு. பெரும்பாலோர் சிறு உழவர்கள். போர் வந்தால் அவரவர் ஆயுதத்தை அவரவர்தான் வாங்க வேண்டும். படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே கி.மு. 406 வாக்கில்தான்.

கி.மு. 495. ரோமின் சந்தை வெளிக்குள் ஒரு கிழவர் ஓடி வருகிறார். அழுக்கேறிய கந்தல், எலும்பும் தோலுமான உடம்பு, சடை பிடித்த தாடி. கூட்டத்தில் சிலர் அடையாளம் கண்டுகொண்டார்கள்: படையில் நூற்றுவர் தலைவராக இருந்தவர்! மார்பைத் திறந்து காட்டினார். எதிரியை நேர்நின்று வாங்கிய தழும்புகள். “என்ன ஆயிற்று?” என்று கேட்டார்கள். அவர் சபைனர்களோடு போரிடப் போயிருந்த காலத்தில் எதிரிகள் வந்து விளைச்சலை அழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிப் போனார்கள். ஒன்றுமில்லாமல் நின்ற அந்த நேரத்தில் வரி வந்தது. வரி கட்டக் கடன் வாங்கினார். வட்டி ஏறியது. பாட்டனும் அப்பனும் உழுத நிலம் போனது. பண்டம் பாத்திரம் போனது. கடைசியில் வட்டி அவர் உடம்பையே பிடித்தது. கடன் கொடுத்தவன் இழுத்துப்போய் அடைத்து வைத்தான். இதைச் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பினார். புதுச் சாட்டையடிகள். மார்பில் நாட்டுக்காக வாங்கிய காயம், முதுகில் கடனுக்காக வாங்கிய காயம்! 450 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இதை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, ஊரே திரண்டு தெருவுக்கு வந்தது என்கிறார்.

அந்த நேரம் பார்த்து வோல்ஷியர் என்ற அண்டை இனத்தார் படையெடுத்து வருவதாகச் செய்தி. பிளெபியர்கள் படைக்குப் பெயர் கொடுக்க மறுத்தார்கள். செர்விலியஸ் என்ற கன்சல் ஆணை பிறப்பித்தார்: படையில் சேர வரும் எவரையும் கடனுக்காகக் கட்டி வைக்கக் கூடாது, பாசறையில் இருப்பவனின் சொத்தை விற்கக் கூடாது, அவன் பிள்ளைகளைத் தொடக் கூடாது. நம்பிப் போனார்கள், வென்றார்கள். திரும்பி வந்ததும் இன்னொரு கன்சலான அப்பியஸ் கிளாடியஸ், கடன் வழக்குகளில் முன்னைவிடக் கடுமையாகத் தீர்ப்பளித்தார். செர்விலியஸ் ஒதுங்கிக்கொண்டார். அந்த ஆணை சட்டமாகவில்லை. போர் முடிந்ததும் காற்றோடு போயிற்று. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது!

மறு ஆண்டு, கி.மு. 494-இல், படைவீரர்கள் ஊரை விட்டே வெளியேறினார்கள். அனியோ ஆற்றுக்கு அப்பால், மூன்று மைல் தொலைவில், புனித மலையில் பாளையம் இறங்கினார்கள். யாரையும் தாக்கவில்லை, பட்டினி கிடக்காத அளவுக்கு மட்டும் உணவு எடுத்துக்கொண்டார்கள். செனட் சபை அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா வந்து வயிற்றுக்கும் கைகால்களுக்கும் நடந்த சண்டையைக் கதையாகச் சொல்லி மனத்தை மாற்றினார் என்று பாடப்புத்தகங்களில் படிக்கிறோம். கதை கேட்டு யாரும் மலையிறங்கிவிடவில்லை என்பதே என் உறுதியான கருத்து. அவர்களை இறக்கியது உடன்படிக்கை. பிளெபியர்களைக் காக்க அவர்களுக்கென்று ட்ரிப்யூன்கள் என்ற பதவியாளர்கள், அவர்கள் மேல் கை வைத்தவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ட்ரிப்யூன் நகர எல்லையை விட்டு இரவு தங்கப் போகக் கூடாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். இரண்டு பேரில் தொடங்கிய பதவி, கி.மு. 457-இல் பத்துப் பேரானது. ஒரு பலவீனமும் உண்டு: ஒரு ட்ரிப்யூன் கொண்டுவருவதை இன்னொரு ட்ரிப்யூனே தடுக்கலாம். பத்தில் ஒருவரைக் கையில் போட்டுக்கொண்டால் போதும் என்பதைப் பெட்ரிசியர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

அடுத்து எழுத்து. என் நெஞ்சுக்கு நெருக்கமான தலைப்பு. சட்டத்தை எழுதி வை என்று டெரென்டிலியஸ் ஹார்சா என்ற ட்ரிப்யூன் கி.மு. 462-இல் கேட்டார். அப்படி எழுதிய சட்டமான பன்னிரண்டு பலகைகள் வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது: கி.மு. 451, 450. அதில் இருந்தது தயவு தாட்சண்யமா? கடன் உறுதியானால் 30 நாள் தவணை. பிறகு பிடித்துக்கொண்டு போகலாம். 15 ராத்தல் விலங்கு. நாளுக்கு ஒரு ராத்தல் தானியம். 60 நாள் காவல்; அதற்குள் அடுத்தடுத்த மூன்று சந்தை நாள்களில் பொதுவெளிக்குக் கொண்டுவந்து தொகையைக் கூவிச் சொல்ல வேண்டும். யாரும் மீட்காவிட்டால் டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கலாம், கொல்லவும் செய்யலாம். கொடுமைதான். ஆனால் 30 நாள் என்று எழுதியபின் 29-ஆம் நாள் கை வைக்க முடியாது. பெட்ரிசியரும் பிளெபியரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற விதியும் பலகையில் இருந்தது. எழுதியிருந்ததால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது, கி.மு. 445-இல் கனுலெயஸ் என்ற ட்ரிப்யூன் அதைத் தூக்கி எறிய வைத்தார்.

அதன் பிறகும் ஒரு பூட்டு மிச்சம் இருந்தது, தோழர்களே. எந்த நாளில் வழக்குத் தொடுக்கலாம், எந்தச் சொற்களைச் சொல்லித் தொடுக்க வேண்டும் என்பதைப் பூசாரிகள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சட்டம் தெரியும், நீதிமன்றத்துக்குப் போக நாள் தெரியாது. கி.மு. 304-இல் க்னேயஸ் ஃப்ளேவியஸ், விடுதலை பெற்ற அடிமையின் மகன், எழுத்தராக இருந்தவர், அந்த நாள்காட்டியை வெள்ளைப் பலகைகளில் எழுதிச் சந்தை வெளியைச் சுற்றி நிறுத்தினார். அவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்பேன்!

நிலத்தைப் பற்றி: கி.மு. 367-இல் லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்ற இரண்டு ட்ரிப்யூன்களின் சட்டங்கள் பொதுநிலத்தில் ஒருவருக்கு 500 யூகெரா, ஏறத்தாழ 310 ஏக்கர், என்று உச்சவரம்பு வைத்தன. பத்தாண்டுக்குப் பின், மகன் பெயரையும் சேர்த்து 1,000 வைத்திருந்ததற்காக லிசினியஸே தண்டம் கட்டினார். அதே சட்டத் தொகுப்பில் கடனுக்கு வந்த தீர்வு அழகானது: இதுவரை கட்டிய வட்டியை அசலில் கழித்துவிடு, மிச்சத்தை மூன்று ஆண்டுத் தவணையில் கட்டு. கடனுக்கு உடம்பை ஈடு வைக்கும் நெக்ஸம் ஒழிந்தது கி.மு. 326-இல்தான். வாக்கு முறை தனி உரைக்கு உரியது. செல்வ வரிசைப்படி வாக்களித்த 193 தொகுதிகளில் குதிரைப்படையின் 18-ம் பணக்கார முதல் வகுப்பின் 80-ம் சேர்ந்தாலே பெரும்பான்மை, ஏழையின் முறை வருமுன் எண்ணிக்கை முடிந்துவிடும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, நம் இயக்கத்தின் கோரிக்கைக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம், தவணை அட்டவணை, வசூல் முகவர் பற்றிய விதி, புகார் அதிகாரியின் தொலைபேசி எண், நான்கும் அதில் உள்ளனவா பாருங்கள். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. ஏழு நாளுக்குக் குறையாத கடன் என்றால், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உங்களுக்கு உண்டு. “இப்போதே கையெழுத்துப் போடுங்கம்மா” என்று அவசரப்படுத்தினால் பேனாவை மூடி வையுங்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. எழுதியும் படிக்காத கணக்கும் அப்படியே.

தாளைத் தமிழில் கேட்கும் மாதிரி விண்ணப்பம் வாசலில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும் நூலகர் அம்மாவுக்கும் நன்றி. வணக்கம்.