கையில் பை, பைக்குள் பதிப்பகம்: சி.சு. செல்லப்பாவின் கதை

[திரையில்: மேசை மேல் ஒரு துணிப்பை. ஒல்லியான புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.]

வணக்கம். 1960-களில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் நீங்கள் தமிழ் ஆசிரியராக இருந்திருந்தால், இந்தக் காட்சியைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. கதர் உடுத்திய, ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர் ஒருவர் கனமான பையோடு வருவார். பிரித்தால் அத்தனையும் புத்தகம். ஏதோ பதிப்பகம் அனுப்பிய ஆள் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தப் பதிப்பகமே அவர்தான். பைக்குள் இருப்பதில் சிலவற்றை எழுதியவரும் அவரே.

பெயர் சி.சு. செல்லப்பா. பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் 'வாடிவாசல்' ஞாபகம் வரும். ஜல்லிக்கட்டைப் பற்றிய அந்தக் குறுநாவல் இன்றைக்கு இங்கிலீஷ் வரைக்கும் போய்விட்டது. அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நாம் பார்க்கப்போவது அவருடைய இன்னொரு பிழைப்பை. பிழைப்பு என்று சொல்வதும் தப்புதான், அதில் அவர் ஒரு நாளும் காசு பார்க்கவில்லை.

[திரையில்: தேனி, திண்டுக்கல் பகுதி வரைபடம். சின்னமனூர், வத்தலகுண்டு.]

1912-ல் சின்னமனூரில் பிறந்தார். வத்தலகுண்டோடு நெருங்கிய தொடர்பு. 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவுக்கும் அதே ஊர்தான். செல்லப்பாவின் ஆரம்பக் கதைகள் 'மணிக்கொடி'யில் வந்தன. நடுவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அப்புறம் எழுத்தாளர், விமர்சகர் க.நா. சுப்ரமண்யத்தோடு (க.நா.சு.) 'சந்திரோதயம்', அதற்குப் பிறகு 'தினமணி கதிர்' என்று பத்திரிகை வேலை. ஐம்பதுகளில் அந்தச் சம்பளத்தையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விகடன், கல்கி, குமுதம் எல்லாம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. தொடர்கதைக்குக் காத்திருந்த வாசகர்கள் ஏராளம். ஆனால் ஒரு கதை ஏன் நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பத்துப் பக்கம் எழுதினால் அதைப் போட யாரும் இல்லை. செல்லப்பாவும் க.நா.சு.வும் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் தமிழ்ச் சிறுகதையின், நாவலின் நிலைமையைப் பற்றிக் காட்டமாக எழுதிப் பார்த்தார்கள். சலசலப்பு எழுந்தது, அடங்கியது. விமர்சனத்துக்கென்று நிலையாக ஓர் இடம் வேண்டும் என்பது செல்லப்பாவுக்குப் புரிந்தது. 1959 ஜனவரியில் அவருடைய 'எழுத்து' பத்திரிகையின் முதல் இதழ் வந்தது.

[திரையில்: ஈய எழுத்துகள் நிறைந்த அச்சுப் பெட்டி. ஒரு கை எழுத்து எழுத்தாக எடுத்துக் கோக்கிறது.]

இங்கே ஒரு கணக்குப் பாடம், ஒரு நிமிடம்தான். அன்றைக்கு ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கோப்புக் கூலி. பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம், டெமி என்கிற புத்தக அளவில் 16 பக்கம். 300 பிரதி அடித்தாலும் 30,000 அடித்தாலும் ஒரு ஃபாரத்துக்குக் கோப்புக் கூலி ஒன்றுதான். பெரிய பத்திரிகை அந்தக் கூலியை 30,000 பேர் தலையில் பிரித்துப் போடும். சின்னப் பத்திரிகையில் அது 300 பேர் தலையில் விழும். விளம்பரமும் வராது. கடையில் போட்டால் கடைக்காரர் கமிஷன் எடுப்பார், விற்காததைத் திருப்பி அனுப்புவார், பணம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அதனால் 'எழுத்து' கடைகளை நம்பவில்லை, சந்தாவை நம்பியது. 2000 பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்தும் விட்டார் செல்லப்பா. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வரம்பைத் தொடும் ஆபத்து 'எழுத்து'க்குக் கடைசி வரை வரவே இல்லை.

சரி, ஆசிரியராக அவர் என்ன செய்தார்?

விமர்சனத்துக்குத் தொடங்கிய பத்திரிகை கவிதையில் போய் வெடித்தது. ந. பிச்சமூர்த்தி முப்பதுகளிலேயே யாப்பை விட்டு விலகிக் கவிதை எழுதியவர். பிறகு அதை விட்டுவிட்டுப் பல வருடம் சும்மா இருந்தார். செல்லப்பா முதல் இதழிலேயே அவருடைய 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையை எடுத்துப் போட்டார். இந்தப் பாதையில் இன்னும் போகலாம் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. பிச்சமூர்த்தி மறுபடி எழுத ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இளைஞர்கள் வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, 'பசுவய்யா' என்ற பெயரில். சி. மணி, எஸ். வைதீஸ்வரன், டி.கே. துரைஸ்வாமி என்கிற நகுலன். இலங்கையில் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு, பிற்பாடு பிரமிள் ஆனவர். 1960-ல் 'எழுத்து'வில் வரத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுதான். அந்த வயதில் அவர் அனுப்பியதைத் தூக்கி ஓரமாகப் போடாமல் செல்லப்பா அச்சுக்குக் கொடுத்தாரே, அங்கேதான் ஒரு பத்திரிகாசிரியரின் கண் தெரிகிறது.

வெங்கட் சாமிநாதன் விஷயமும் அப்படித்தான். வடக்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாசகர் கடிதம் எழுதினார். கடிதத்தில் சரக்கு இருந்தது. சீக்கிரமே அவர் 'எழுத்து'வில் கட்டுரைக்காரர் ஆனார். 'பாலையும் வாழையும்' அங்கேதான் வந்தது. தமிழ் இலக்கிய உலகத்தையே அதில் ஒரு வாங்கு வாங்கியிருந்தார்.

[திரையில்: இரண்டு நாற்காலிகள், முதுகோடு முதுகு ஒட்டி.]

கட்டுரையாளர் செல்லப்பா வேறு மாதிரி ஆள். படைப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பார். இதற்கு அலசல் விமர்சனம் என்று பெயர். க.நா.சு.வுக்கு இதில் ஒப்புதல் இல்லை. ரசனைதான் முக்கியம், நல்ல வாசகனுக்கு நல்லது எது என்று தெரியும் என்பது அவர் கட்சி. 1963-ல் அவர் 'இலக்கிய வட்டம்' என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். என் கருத்தைக் கேட்டால், படிக்கச் சுகமானவர் க.நா.சு. செல்லப்பாவின் கட்டுரை நடை கரடுமுரடு, வாக்கியம் முடிகிற இடத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு சிறுகதை எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள நான் செல்லப்பாவிடம்தான் போவேன். 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

பதிப்பாளர் ஆனதும் திட்டம் போட்டு அல்ல. பத்திரிகையில் வந்த கவிதைகளைப் புத்தகமாக்க வேறு யாரும் முன்வரமாட்டார்கள், அதனால் 'எழுத்து பிரசுரம்'. பிச்சமூர்த்தியின் 'காட்டுவாத்து' அதில் வந்தது. 1962-ல் 'புதுக்குரல்கள்', 24 கவிஞர்கள், 63 கவிதைகள். யாப்பை விட்ட இந்தக் கவிதைக்குப் புதுக்கவிதை என்று பெயர்; அதன் முதல் தொகுப்பு அது. அச்சாகி வந்த கட்டுகள் சென்னை திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் அடுக்கிக் கிடந்தால் யார் வாங்குவார்கள்? அதனால்தான் அந்தப் பை. விமர்சனம் பத்திரிகையைக் கேட்டது, பத்திரிகை பதிப்பகத்தைக் கேட்டது, பதிப்பகம் பஸ் டிக்கெட்டைக் கேட்டது. ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சுமந்தார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஒரே ஆள் எல்லாமாக இருக்கும் இடத்தில் அவரைக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்' நாவல் 'எழுத்து'விலேயே தொடராக வந்தது. ஆசிரியரின் கதையை யார் வெட்டித் திருத்துவது? 'ஜீவனாம்சம்' அடக்கமான நாவல், தப்பித்துவிட்டது. எல்லா முறையும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

[திரையில்: இதழ் அட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக. கடைசியில் 1970.]

கடைசி வருடங்களில் மாத இதழ் காலாண்டிதழாகச் சுருங்கி, 1970-ல் நின்றது. நூறு இதழ்களைத் தாண்டியிருந்தது. அதற்குள் வேறு இடங்களில் தீ பிடித்துவிட்டது. சேலத்தில் சி. மணியின் 'நடை' பத்திரிகை 1968-ல் வந்தது, சென்னையில் 'கசடதபற' 1970-ல். 'எழுத்து' வாசகர்களும் எழுத்தாளர்களும்தான் அங்கெல்லாம் இருந்தார்கள், சிலர் செல்லப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே.

வயதான பிறகும் அவர் பதிப்பாளர் குணத்தை விடவில்லை. தொண்ணூறுகளில் 'விளக்கு' இலக்கிய விருது கிடைத்தபோது, அந்தப் பணத்தில் ஒரு புத்தகம் போடச் சொல்லிவிட்டார். 1997-ல், 85 வயதை ஒட்டி, சுதந்திரப் போராட்ட நாட்களைப் பற்றிய 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். மற்றவர்கள் எழுத்தையெல்லாம் இரக்கமில்லாமல் அலசியவரின் இந்த நாவலில் சில இடங்களை ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கலாம் என்று தோன்றும். அந்த வேலைக்கு அவருக்கு ஒரு செல்லப்பா கிடைக்கவில்லை.

1998 டிசம்பரில் அவர் இறந்தார். 'சுதந்திர தாக'த்துக்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001-ல்.

[திரையில்: மடித்து வைத்த துணிப்பை.]