ஆறுதலோடு ஆளும் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குடும்பத்துக்குப் பெரிய துணை ஆறுதல் வார்த்தையா, கூட நின்று செய்யும் உதவியா? உதவிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா, "நாலு பேர் வந்து நல்ல வார்த்தை சொன்னால் பாதி நோய் பறந்துவிடும்" என்றார். அந்த நாலு பேர் எப்போது வருகிறார்கள்? கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்த செய்தி சொந்தபந்தம் எல்லாருக்கும் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அப்புறம்தான் கூட்டம் வரும். பல கீமோ மருந்துகளில், ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகின்றன. 'கவுண்ட் குறைஞ்சிருக்கு' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். கிருமியை எதிர்க்க உடம்பில் தெம்பே இல்லாத அந்த நாட்களில், சளியும் இருமலுமாக ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் ஆகாது" என்கிறார். அம்மா, அவர் மனசு நல்ல மனசுதான். ஆனால் அன்று அவர் செய்திருக்க வேண்டிய உதவி, வராமல் இருப்பது.

அதே நாட்களில் நடு இரவில் காய்ச்சல் வரலாம். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்கு வேண்டியது மணி பார்க்காமல் போனை எடுக்கிற ஒருவர், வண்டி எடுத்துக்கொண்டு வருகிற ஒருவர். மாலையில் ஆறுதல் சொன்ன எத்தனை பேரை இரவு ஒரு மணிக்குக் கூப்பிட முடியும்?

"ஏதாவது வேணும்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதையும் உதவிக் கணக்கில் சேர்த்தார்கள் எதிரணியினர். நான் சேர்க்க மாட்டேன். என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரைக் கேட்கலாம் என்று தேடுவது, கூச்சத்தை விட்டுக் கேட்பது, எல்லாம் அந்த வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. "செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன், காரம் போடாமல்" என்று சொல்லிப் பாருங்கள். வாய்ப்புண் வந்தவருக்குக் குழைந்த தயிர்சாதமும் ஆறவைத்த கஞ்சியும்தான் இறங்கும். தாளிக்கிற வாசனையே சிலருக்குக் குமட்டும். அதனால் அடுத்த வீட்டு அடுப்பில் அன்றன்று சமைத்து வருகிற சாப்பாடு பசிக்கும் உதவும், குமட்டலுக்கும் உதவும்.

சரி, நோயாளியைப் பற்றி இரண்டு அணியும் பேசிவிட்டோம். கூட இருப்பவரைப் பற்றி யார் பேசினோம்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவருக்கு கீமோ நடந்த மாதங்களில், மாலையானால் அவர் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வந்தவர்களுக்குக் காபி போட்டவர் அவர்தான். ஒவ்வொருவருக்கும் நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து கதையைச் சொன்னவரும் அவர்தான். "அழாதே, நீதான் தைரியமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தன் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான், "அண்ணன்கிட்ட நான் உட்கார்றேன், நீங்க குளிச்சிட்டுத் தூங்குங்கக்கா" என்றார். போகும்போது அக்காவின் மாத்திரைச் சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரில், இவரைத்தான் நான் துணை என்பேன்.

ரயில்வேகூட இதைப் புரிந்து வைத்திருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுவதும் சலுகை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆனால் அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வாரம் ஐந்து நாள் என்று பல வாரம் போய்வருகிற குடும்பத்தில், இந்தக் காகிதங்களுக்கு அலைய யார் மிச்சம்? படித்த பிள்ளை ஒருவன் ஒரு நாளை ஒதுக்கி அலைந்தால் போதும்.

வார்த்தையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துக்கம் எல்லோருக்கும் வரும், அது என்னவாக மாறுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தன் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தானே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் விடவில்லை. முப்பது ஆண்டு கழித்தும் பிடித்துக்கொண்டு நின்று, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதே வளாகத்தோடு வாழ்ந்தார்.

எதிரணித் தம்பி கடைசியாக, "உதவி செய்யக் காசு வேண்டும், ஆறுதலுக்கு மனசு போதும்" என்றார். தம்பி, காலையில் போய் ஓ.பி. டோக்கன் போட என்ன காசு? அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிவர என்ன செலவு? டாக்டர் சொல்வதைப் பதற்றத்தில் மறந்துவிடுகிற மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்க ஒரு பேனா போதும். ரத்தம் தேவைப்படும் நாளில் தானம் கொடுக்க ஒரு கை போதும். நடுவர் அவர்களே, இவற்றையும் மனதில் வைத்து எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.